காதுக்காரரும் இரண்டு எஞ்சின்களும்

எங்கள் படகுத்துறையில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். எஞ்சின் மூடியைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டு இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் சரியாகவே சொன்னார், அதுதான் வினை. அடிக்கடி தப்பாகச் சொல்கிற ஆளாக இருந்திருந்தால் அந்த ஒரு வாரம் அவருக்கும் எனக்கும் மண்டை காய்ந்திருக்காது.

நான் படகு ஓட்டுகிறவள். துறையில் மற்ற எல்லாப் படகுக்கும் ஒரே எஞ்சின், என்னுடையதற்கு மட்டும் இரண்டு. அவரை நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. பதினோரு வருஷம் ஒரே இடத்தில் சண்டை போட்டதில் வந்த உறவு.

அவருடைய கொட்டகை துறையின் கோடியில் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த மேஜை, ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். சுவர் முழுக்க ஆணி அடித்து, தண்ணீரைத் தள்ளுகிற இலைகள் வைத்த புரொப்பல்லர்களை மாட்டி வைத்திருப்பார். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் பெயின்டில் ஓர் எண் இருக்கும். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று. அதற்குப் பிட்ச் என்று பேர். ஒரு சுற்றுச் சுற்றினால் படகை எத்தனை அங்குலம் தள்ள வேண்டும் என்ற கணக்கு அது. எண் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம், ஆனால் எஞ்சின் திணறும். எண் சின்னதானால் எஞ்சின் லேசாகச் சுற்றும், படகு அவ்வளவு போகாது. மேட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாரத்துக்கு ஏற்ற புரொப்பல்லர் மாட்டினால், வேகக் கைப்பிடியை முழுக்கத் தள்ளும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறிலிருந்து ஆறாயிரம் சுற்றுக்குள் நிற்கும். என் முன்னால் இருக்கிற இரண்டு மீட்டரிலும் முள் அதைக் காட்டும். இவ்வளவுதான் சமாசாரம்.

ஆனால் மீட்டர் என்றாலே காதுக்காரருக்கு ஆகாது. அது படகு வாங்க வருகிறவனை மயக்க வைத்த அலங்காரச் சாமான் என்பார். கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதால்தான் அளப்பார். இடது எஞ்சினை இடது காது பார்த்துக்கொள்ளும், வலது எஞ்சினை வலது காது பார்த்துக்கொள்ளும், கடவுள் ரெட்டை எஞ்சினுக்கென்றே தனக்கு ரெட்டைக் காது வைத்தான் என்று பெருமை வேறு.

அந்த வருஷம் சுகாதார அலுவலகம் என் படகை நோயாளிப் படகாக எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆஸ்பத்திரி இக்கரையில், எண்பது வீடும் ஒரு பள்ளிக்கூடமும் அக்கரையில். சாலை வழியாகச் சுற்றி வந்தால் மூன்று மணி நேரம். படகுக்குக் கூரை போட்டார்கள், ஸ்ட்ரெச்சர் வைத்தார்கள், ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு ஏற்றினார்கள். ஏற்றிய பாரத்தில் படகுக்கு மூச்சு வாங்கியது. இருபத்திரண்டு நிமிஷத்தில் பறந்தது முப்பத்தொரு நிமிஷம் தவழ்ந்தது. அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: முழுப் பாரத்தோடு இருபத்தைந்து நிமிஷத்துக்குள் கடக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலை சோதனை, தேறாவிட்டால் சாமான்களைக் கழற்றி வேறு ஊர்ப் படகுக்குக் கொடுத்துவிடுவோம்.

காதுக்காரரின் ஒரே மகள் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீடும் அங்கேதான். அவளுக்கு ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறுகிறது, வலி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். முன்னாலேயே வந்து தங்கு என்றால், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியாமல் நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தப் பிடிவாதம் யார் வீட்டுச் சொத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, வெள்ளிக்கிழமை அந்தப் படகு தேறியாக வேண்டும். இங்கிருந்து போய், அவர் மகளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஒரு மணிக்குள் கொண்டுவர வேறு வழியே கிடையாது.

திங்கட்கிழமை காலை வந்தார். ஆளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றினோம். இருபத்தொன்றாம் எண் ஜோடியைக் கழற்றிவிட்டுப் பத்தொன்பதை மாட்டினார். ஜோடி என்றேன் பாருங்கள், இரட்டை எஞ்சினில் இரண்டும் எதிரெதிராகச் சுற்றும், அப்போதுதான் படகு ஒரு பக்கமாகச் சாயாது. இடதுக்கு உள்ளதை வலதில் மாட்ட முடியாது. கிளம்பிக் கைப்பிடிகள் இரண்டையும் முழுக்கத் தள்ளினேன். இரண்டு முள்ளும் ஐயாயிரத்து அறுநூறில் போய் ஆணி அடித்த மாதிரி நின்றன. எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அவர் முகம் சுருங்கியது. வலது எஞ்சின் பின்தங்குகிறது என்றார். இரண்டும் சமமாகத்தான் காட்டுகிறது என்றேன்.

"முள்ளு சொல்றத கேக்கணும்னா என்னை எதுக்கு தங்கச்சி கூப்பிட்ட?"

முப்பது வருஷக் காது. அவர் சொன்னபடி இடது கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், இரண்டு சத்தமும் சமமாகிவிட்டது என்று அவர் தலையாட்டும்வரை. படகு இடப்பக்கம் இழுத்தது, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. இருபத்தாறரை நிமிஷம்.

செவ்வாய்க்கிழமை, வலது எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை என்று அதற்கு மட்டும் பதினேழாம் எண்ணை மாட்டினார். ஒன்றில் பத்தொன்பது, ஒன்றில் பதினேழு. ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்பும் போட்டு ஓடச் சொன்ன கதை. வலது முள் ஆறாயிரத்தைத் தாண்டியது, எஞ்சின் தானாகவே வேகத்தை வெட்டி வெட்டிக் குறைத்தது, எச்சரிக்கை மணி காதைப் பிளந்தது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு, இப்போதுதான் ரெண்டும் சேர்ந்து பாடுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். மணி அடிக்கிறதே என்றால், அந்த சென்சார் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றார். இருபத்தெட்டு நிமிஷம். சமமாகப் பாடுகிற எஞ்சின்கள் ஏன் மெதுவாகப் போகின்றன என்று அவருக்கும் புரியவில்லை, எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் டீ குடித்தேன். மூன்று அறை வீடு. சமையலறையை ஒட்டிச் சின்னதாக ஒரு சாப்பாட்டு மேஜை, நாலு நாற்காலி. அண்ணி டீயை வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது, கண்ணை இடுக்கிக்கொண்டே டீ குடித்தாள். காதுக்காரர் எஞ்சின் குழப்பத்தை விட்டுவிட்டு இந்தக் குழப்பத்தை எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து சுவரோரம் உட்கார்ந்தவள் ஒரு வருஷமாக இந்தப் பக்கம்தான் உட்காருகிறாளாம். கட்டிலிலும் பக்கம் மாறிவிட்டாளாம். ரோட்டில் நடந்தால்கூட இந்தப் பக்கம் வந்தவள் அந்தப் பக்கம் தாவுகிறாளாம். வயசானால் மனுஷருக்கு இப்படியெல்லாமா கிறுக்குப் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டார். அண்ணி பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு என்ன, நான் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மறுபடி வலதில் பத்தொன்பது ஏறியது. அதோடு விட்டாரா? வலது எஞ்சினின் கியர் ஆயிலை மாற்றினார், பிளக்குகளைத் துடைத்தார், ஒன்றிலும் குற்றம் இல்லை. கடைசியில், புரொப்பல்லர் தண்ணீரோடு சேர்த்துக் காற்றையும் இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். காற்றைக் கடித்தால் இலை வழுக்கும், தள்ளாது. அதைக் கண்ணால் பார்க்க, வழக்கத்துக்கு மாறாக எஞ்சின்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பாதித் தூரம் போயிருப்போம், என்னிடம் ஓடி வந்தார்.

"தங்கச்சி, நோவு இடதுக்குத் தாவிடுச்சு!"

வலதைச் சரி பண்ணிவிட்டோம், அது சரியானதும் இடது மட்டமாகத் தெரிகிறது என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். அக்கரையில் நிறுத்தி இடதில் பதினேழை மாட்டினார். திரும்பி வரும்போது வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது வலது மறுபடி படுத்துவிட்டதாம், முன்னைவிட மோசமாம். மீட்டரில் இடது முள் எகிறிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது?

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. துறைக்கு வந்து கயிற்றைக் கட்டும்போது, நாளை மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் பக்கத்து ஊர் மெக்கானிக்கைக் கூப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கழற்றிய புரொப்பல்லரை மடியில் வைத்துக்கொண்டு அதன் இலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். சொல்லியிருக்க வேண்டாம் என்று அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. இருந்தாலும், பிள்ளைத்தாய்ச்சி அக்கரையில் இருக்கிறாளே, நான் யாருக்காகப் பார்ப்பது?

வியாழக்கிழமை காலை அவர் கண்கள் சிவந்திருந்தன. சுவரில் இருந்த எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து நடுவில் நின்றார். மூன்று இலை, நாலு இலை, அலுமினியம், ஸ்டீல். எதை எடுப்பது என்று தெரியாமல் ஒன்றை எடுப்பார், வைப்பார். கடைசியில், எதிலிருந்து குழப்பம் ஆரம்பித்ததோ அதிலிருந்தே தொடங்குவோம் என்று திங்கட்கிழமை ஜோடியையே, இரண்டு பத்தொன்பதையும், மறுபடி மாட்டினார்.

கிளம்பினோம். முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வலது மட்டம் என்று கையைக் காட்டினார். நான் எதையும் தொடவில்லை, இரண்டு கைப்பிடியும் முழுக்க முன்னால். நடுவழியில் ஸ்பேனர் எடுக்க எஞ்சின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். மறுபடி என் பக்கம் திரும்பினார். மறுபடி எஞ்சின் பக்கம். நான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், ஓடுகிற படகில், குழந்தைகள் சுற்றி விளையாடுகிற மாதிரி முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருந்தார். மூளை குழம்பிவிட்டது என்றே பயந்தேன், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எழுந்திருக்கவும் முடியாது.

அப்புறம் உட்கார்ந்தார். உள்ளங்கையால் வலது காதைப் பொத்தினார், எடுத்தார். அதில் அவர் முகம் மாறவில்லை. இடது காதைப் பொத்தினார். அந்தக் கையை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"முள்ளு எவ்வளவு காட்டுது தங்கச்சி?"

பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் முள்ளைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டும் ஐயாயிரத்து அறுநூறு அண்ணே, என்றேன். அவர் குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில், இரண்டு மீட்டரையும் தானே பார்த்தார். முன்னால் திரும்பினால் வலது எஞ்சின் மட்டம், பின்னால் திரும்பினால் இடது எஞ்சின் மட்டம். எஞ்சின் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன, திரும்பியது அவர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மட்டமானது அவருடைய வலது கைப் பக்கம். அதை அவர் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே விளங்கியது, விளங்கியதும் புதன்கிழமை நான் பேசிய பேச்சு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அன்று அக்கரை சேர இருபத்து நாலு நிமிஷம். திங்கட்கிழமையே முடிந்துபோன வேலை அது. முதல் எண்ணே சரியான எண். ஒற்றை எஞ்சின் படகுகளுக்கு ஒரு நல்ல காது போதும், அதனால் இத்தனை நாள் தெரியாமலே ஓடியிருக்கிறது. என் படகு ஒன்றுதான் அவரிடம் இரண்டு காது கேட்டது.

திரும்பி வரும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார், அண்ணியிடம் சொல்லாதே என்று. காது போன காதுக்காரரைப் படகுத்துறையில் யார் சீந்துவார்கள் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. மடியில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே வந்தார், அதில் அழுக்கே இல்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்காரர்கள் இரண்டு பேர் கடிகாரத்தோடு ஏறினார்கள். காதுக்காரர் கண்ணை மூடவில்லை, என் பக்கத்தில் நின்று மீட்டரையே பார்த்தார். இருபத்து மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி. அவர்கள் கைகொடுத்துப் பாராட்டினார்கள். எப்படிச் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, முள் சொன்னது என்றார். தன்னடக்கம் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன். அண்ணி மூன்று தட்டு வைத்தாள், வெயிலடிக்கிற அதே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ரொம்ப நேரம் சுற்றி வளைத்தார். எஞ்சின் சத்தம், வயசு, காற்று, தண்ணீர் என்று என்னென்னவோ பேசினார். அப்புறம் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். அது அவருக்கு இடப்பக்கம் இருந்தது. சுவரோரம் காலியாகக் கிடந்த பழைய நாற்காலியைப் பார்த்தார். அது வலப்பக்கம்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"ஒரு வருஷமா அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டா நீங்க திரும்பல. அதான் இந்தப் பக்கம் வந்துட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அண்ணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"சொன்னா கொட்டகைக்குப் போறத விட்டுருவீங்க. அப்புறம் நாள் பூரா வீட்டுல உக்காந்து என்னை ரிப்பேர் பண்ணுவீங்க. எனக்கு வெயில் பரவாயில்ல."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அழுகை வந்தால் சோறு இறங்காது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. காதுக்காரர் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, பரீட்சை அறையில் நின்றுகொண்டிருந்தபோதே மகளுக்கு வலி கண்டது. நான், காதுக்காரர், அண்ணி மூன்று பேரும் போனோம். ஸ்ட்ரெச்சரில் அவளைப் படுக்கவைத்துக் கிளம்பினோம். காதுக்காரர் என் பக்கத்தில் நின்று, அஞ்சாயிரத்து அறுநூறு, அஞ்சாயிரத்து அறுநூறு என்று ஜெபம் மாதிரி முள்ளைப் படித்துக்கொண்டிருந்தார். மகள் பின்னாலிருந்து, வலப்பக்கமிருந்து, அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அண்ணி அவர் தோளைத் தொட்டாள். அவர் போய் ஸ்ட்ரெச்சரைச் சுற்றி, இடது காது அவள் வாய்ப்பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்தார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை. முள்ளைப் படிக்கிற வேலையை அண்ணி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எது இடது மீட்டர், எது வலது மீட்டர் என்று தெரியாது, இரண்டும் ஒரே எண் காட்டியதால் தப்பில்லாமல் படித்தாள்.

இருபத்து மூன்று நிமிஷத்தில் கரை சேர்ந்தோம். ஆறு மணிக்குப் பேத்தி பிறந்தாள். காது டாக்டர் பிற்பாடு பரிசோதித்துவிட்டு, வலது காது எஞ்சின் இரைச்சலில் தேய்ந்தது, இனி அது திரும்பாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். காதுக்காரர் அந்தச் சீட்டை ஒப்புக்கொண்டார், எஞ்சின் ஓடும்போது இரண்டு காதுக்கும் அடைப்பான் போட்டுக்கொள்கிறார், முள்ளைக் கேட்காமல் எந்தப் புரொப்பல்லரையும் மாட்டுவதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் மசியவில்லை. பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நின்றபோது பேத்தியின் முதல் அழுகை தனக்கு இரண்டு காதிலும் சமமாகக் கேட்டது என்கிறார். அப்போது அவருக்கு இடப்பக்கம் நின்றவள் அண்ணி, வலப்பக்கம் நின்றவள் நான். நாங்கள் இரண்டு பேரும் ஆமாம் என்றுதான் சொல்கிறோம்.